திகதி முடிஞ்ச போஸ்ட் தானா போகாதோ? திருகோணமலையில அடிக்கடி கேக்கிற கேள்விகள்

நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ரூம் விடுறவை, டவுனில டியூஷன் நடத்துற சேர்மார், கோயில் நிர்வாகத்தில வெப்சைட் பொறுப்பா இருக்கிற தம்பிமார், கிண்ணியாவில வேலை விளம்பரம் போடுறவை எண்டு ஆர் கேட்டாலும் கடைசியா வந்து நிக்கிறது ஒரே இடத்திலதான். போடேக்க நேரம் குறிச்சுப் போடலாம், எடுக்கேக்க மட்டும் ஏன் நாங்களே போய் எடுக்க வேண்டிக் கிடக்கு? கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் இதில சேத்து எழுதியிருக்கு. கூடுதலா வேர்ட்பிரஸ் எண்ட வெப்சைட் நடத்துற மென்பொருள் பற்றித்தான் இருக்கும், ஏனெண்டா கேக்கிறவையில அரைவாசிக்கு மேல அதைத்தான் வைச்சிருக்கினம்.

வேர்ட்பிரஸ்ல இந்த வசதி ஏற்கெனவே இல்லையா?

இல்லை. நாளைக்கு காலமை 6 மணிக்கு வெளியாகு எண்டு குறிக்கலாம், அதுக்கு ஒரு தனி நிலையே இருக்கு. இந்தத் திகதியோட எடுபடு எண்டு குறிக்க அதில இடமே இல்லை, பிளகின் (கூடுதல் வசதி குடுக்கிற துணை மென்பொருள்) போடவேணும் இல்லாட்டி சின்னதா ஒரு கோட் எழுதவேணும். இதேமாதிரி இன்னொரு மென்பொருளான ஜூம்லா வைச்சிருக்கிறவைக்கு இந்தக் கவலை கிடையாது, அங்க வெளியீடு தொடங்குற நேரம், முடியிற நேரம் ரெண்டுக்கும் பெட்டி கூடவே வருது. ட்ரூப்பல் எண்ட மற்ற மென்பொருளில ஷெடியூலர் எண்ட மொடியூல் (பிளகின் மாதிரித்தான்) ரெண்டையும் செய்யும். கூகிளின்ட இலவச பிளொகரில வெளியிடுற நேரம் மட்டும்தான், அதைப் பற்றி கீழ தனியா இருக்கு.

அக்கா, காலாவதி எண்டா போஸ்ட் டிலீட் ஆகிடுமோ?

ஆகத் தேவையில்லை, ஆகவும் விடாதீங்கோ. இதிலதான் கனபேர் குழம்புறவை. காலாவதி எண்டுறது ஒரு நேரம் வந்ததும் போஸ்டுக்கு ஏதோ ஒண்டு நடக்கிறது, அவ்வளவுதான். அந்த ஏதோ ஒண்டு என்னெண்டு முடிவெடுக்க வேண்டியது நீங்கள். டிராஃப்டா (வெளியிடாத வரைவா) மாத்தலாம், அப்ப வெளியில உள்ள ஆக்களுக்கு அந்த லிங்க் 404, அதாவது பக்கம் இல்லை எண்டு காட்டும், உங்களுக்கு உள்ளுக்க அப்பிடியே இருக்கும். தனிப்பட்டதா மாத்தலாம், அப்ப லொகின் பண்ணின நிர்வாகிமாருக்குத் தெரியும், மற்றவைக்குத் தெரியாது. வேற வகைக்கு நகர்த்தலாம், உதாரணத்துக்கு "அறிவித்தல்கள்" இல இருந்து "பழைய அறிவித்தல்கள்" க்கு. குப்பைக்கு அனுப்பலாம், ஆனா வேர்ட்பிரஸ் குப்பையை வழமையா 30 நாளில தானா காலி பண்ணிப்போடும், பிறகு பேக்கப் இருந்தாத்தான் உண்டு.

இன்னும் ஒரு வழி இருக்கு, எனக்கு அதுதான் விருப்பம். போஸ்டை விட்டுட்டு, அதுக்கு மேல ஒரு வரி காட்டுறது: "இந்த அறிவித்தலின் காலம் 2026 மார்ச் 14 மாலை 6 மணியோட முடிஞ்சுது." வாட்ஸ்அப்பில பழைய லிங்க் வந்து அமத்துற ஆளுக்கு 404 பக்கத்தைக் காட்டிறதை விட இந்த ஒரு வரி எவ்வளவோ பிரயோசனம், அவர் திரும்ப உங்களுக்கு கோல் எடுத்து "அது இன்னும் இருக்கா" எண்டு கேக்கமாட்டார்.

எந்தப் போஸ்டுக்கு எதைச் செய்யிறது?

வேலை விளம்பரம் எண்டா விண்ணப்ப முடிவுத் திகதியோட கழட்டிவிடுங்கோ, தயங்கவே வேண்டாம். முடிஞ்ச வேலைக்கு மூதூரில இருந்து படகோ பஸ்ஸோ பிடிச்சு கடுதாசிக் கட்டோட ஒரு பிள்ளை வந்து நிண்டால் அது உங்கட பிழைதான்.

ரூம் விலை வேற கதை. எங்கட பக்கம் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் மட்டும், வடகீழ்ப் பருவமழை தொடங்கினா கடலும் கொந்தளிக்கும் ஆக்களும் குறைஞ்சிடுவினம். சீசன் விலை போட்ட போஸ்ட் நவம்பரிலயும் கூகிள்ல மேல நிண்டா, மழைக்காலத்தில மலிவா ஒரு ரூம் தேடுற ஆள் அந்த விலையைப் பாத்திட்டு அடுத்த ஹொட்டலுக்குப் போயிடுவார். இதில போஸ்டை மறைக்கவே கூடாது, விலைப் பகுதியை மட்டும் திகதிக்கு ஏத்தமாதிரி மாத்தோணும். ரெண்டு விலையையும் ஒரே பக்கத்தில எழுதி, இண்டைய திகதி எந்தக் காலத்துக்குள்ள வருதோ அதை மட்டும் காட்டுறமாதிரி வைச்சா வருஷா வருஷம் அதே லிங்க் வேலை செய்யும், அந்த லிங்க்குக்கு கூகிள்ல சேந்த மதிப்பும் வீணாகாது.

கரண்ட் வெட்டு, தண்ணி வெட்டு அறிவித்தல் எல்லாம் முடியிற நேரத்தில இருந்து ஒரு ரெண்டு மணித்தியாலம் கூட வைச்சு எடுத்துவிடுங்கோ, ஏனெண்டா சொன்ன நேரத்துக்கு வராட்டி ஆக்கள் திரும்ப வந்து பாப்பினம். சிவராத்திரிக்குப் பிறகு கோணேசர் நகர்வலம் வாற வீதி விபரம், திருவிழா நிகழ்ச்சி நிரல் மாதிரியான கோயில் விசயங்கள் முகப்பில இருந்து இறங்கினாக் காணும், பழைய பதிவில இருக்கட்டும். அடுத்த வருஷம் நிர்வாகத்துக்கு வாற ஆக்களுக்கு போன வருஷம் என்ன செய்தவை எண்டு பாக்க அதுதான் கைகுடுக்கும்.

மரண அறிவித்தலுக்கு காலாவதி போடவே வேண்டாம். கிரியை நேரம், தகனம் நடக்கிற இடம் எல்லாம் முடிஞ்சுபோற விபரம்தான், ஆனா அந்த போஸ்டை கனடாவில, லண்டனில இருக்கிற சொந்தக்காரர் 31ம் நாளுக்கு, ஆண்டுத் திவசத்துக்கு எண்டு திரும்பத் திரும்பத் தேடி வருவினம். நேர விபரத்தை மட்டும் ஒரு தனிப் பெட்டிக்குள்ள போட்டு அந்தப் பெட்டியை மறைக்கலாம்.

சூறாவளி, சுனாமி எச்சரிக்கை போஸ்டுகளுக்கு என்ன செய்யலாம்?

இதை முழுக்க தானியங்கி வேலைக்கு விட்டுட்டு நித்திரைக்குப் போகாதீங்கோ. 2012 ஏப்ரல் 11ம் திகதி சுமாத்திராப் பக்கம் நிலநடுக்கம் வந்து இஞ்ச சுனாமி எச்சரிக்கை விட்டவை, கரையோரத்தில இருந்த சனமெல்லாம் 2004ஐ நினைச்சு எழும்பி ஓடினது, அண்டைக்கே எச்சரிக்கையை விலக்கியும் போட்டினம். இப்பிடி எச்சரிக்கை எப்ப முடியும் எண்டு முன்கூட்டியே ஆருக்கும் தெரியாது. அதால குறைஞ்ச நேரம் ஒண்டைப் போடுங்கோ, ஆறு மணித்தியாலம் எண்டு வையுங்கோவன், எச்சரிக்கை நீடிச்சா கையால நீட்டுங்கோ, விலக்கினா உடன கையால எடுங்கோ. ஒரு ஆள் மறந்துபோனா ஒரு வருஷத்துக்குப் பிறகு ஆரோ அந்த லிங்க்கை திகதி பாக்காம குரூப்பில போட்டு ஊரைக் கிளப்பாம இருக்கத்தான் அந்த ஆறு மணித்தியாலம். எடுத்த பிறகும் 404 விடாதீங்கோ, "விலக்கப்பட்டது" எண்டு பெரிசா காட்டுங்கோ, ஏனெண்டா வெறும் பக்கத்தைக் கண்டா ஆக்கள் இன்னும் பயப்பிடுவினம்.

க்ரொன் க்ரொன் எண்டு எல்லாரும் சொல்லினம், அது என்ன?

யுனிக்ஸ் வகை சேர்வரில குறிச்ச நேரத்துக்கு ஒரு வேலையை ஓட்டுற புரோகிராம். 1979ல வந்த யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலயே இருந்தது, இப்பவும் அதே முறைதான். ஒரு வரியில அஞ்சு இடம் இருக்கும்: நிமிஷம், மணி, மாசத்தில எத்தினையாம் திகதி, மாசம், கிழமை நாள். நட்சத்திரக் குறி எண்டா "எல்லாம்".

*/15 * * * * எண்டா கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா.
5 0 * * * எண்டா ஒவ்வொரு நாளும் நள்ளிரவு தாண்டி அஞ்சு நிமிஷத்தில.

ஒரு பொறி இருக்கு. மூண்டாவது இடத்திலயும் அஞ்சாவது இடத்திலயும் ரெண்டிலயும் இலக்கம் போட்டா ரெண்டும் ஒத்துவாற நாளிலதான் ஓடும் எண்டு நினைப்பீங்கள், அப்பிடி இல்லை, ரெண்டில எது வந்தாலும் ஓடும். 0 0 1 * 1 எண்டு போட்டா ஒண்டாம் திகதியும் ஓடும், எல்லாத் திங்கக்கிழமையும் ஓடும்.

வேர்ட்பிரஸ்லயே ஒரு க்ரொன் இருக்காமே, அது காணாதா?

இருக்கு, ஆனா அது உண்மையான மணிக்கூடு இல்லை. கதவை ஆராவது தட்டினாத்தான் எழும்பி நேரத்தைப் பாக்கிற காவல்காரன் அது. சைட்டுக்கு ஒரு ஆள் வந்து பக்கத்தைத் திறக்கேக்கதான் "செய்ய வேண்டிய வேலை ஏதும் பிந்திக் கிடக்கோ" எண்டு பாக்கும். இரவு 12 மணிக்கு முடிய வேண்டிய போஸ்ட், காலமை 7 மணிக்கு முதல் ஆள் வந்து பாக்கிறவரைக்கும் அப்பிடியே இருக்கும், சிலவேளை அந்த முதல் ஆளுக்கு அந்தப் பழைய போஸ்ட்தான் தெரியும்.

இதை விட மோசம், கேஷ் பிளகின், அதாவது ஒருக்கா செய்த பக்கத்தை நகலெடுத்து வைச்சுக் காட்டுற பிளகின், போட்ட சைட்டுகள். கேஷில இருந்து பக்கம் போகேக்க வேர்ட்பிரஸ் எழும்புறதே இல்லை, அதால சைட்டுக்கு நிறைய ஆக்கள் வந்தும் க்ரொன் ஓடாம கிடக்கும், ஏனெண்டு ஒருத்தருக்கும் விளங்காது. சைட்டுக்கு முன்னால பாஸ்வேர்ட் பூட்டு போட்டு வைச்சாலும், சேர்வர் தன்னைத்தானே கூப்பிடுறதை ஹோஸ்டிங்காரர் (சைட்டுக்கு சேர்வரில இடம் குடுக்கிறவை) தடுத்து வைச்சாலும் இதே பிரச்சினைதான்.

தீர்வு பெரிய வேலை இல்லை. டபிள்யூபி-கான்ஃபிக் (wp-config.php) எண்ட வேர்ட்பிரஸ் அமைப்பு ஃபைலில "டிஸேபிள் டபிள்யூபி க்ரொன்" (DISABLE_WP_CRON) எண்ட அமைப்பை உண்மை (true) எண்டு ஆக்கினா அந்தக் கதவு தட்டுற முறை நிக்கும். பிறகு சீபேனல்ல, அதாவது ஹோஸ்டிங் கணக்கை நிர்வகிக்கிற பக்கத்தில, க்ரொன் ஜொப்ஸ் எண்ட இடத்துக்குப் போய், வேர்ட்பிரஸின்ட க்ரொன் ஃபைலை (wp-cron.php) கால் மணிக்கு ஒருக்கா கூப்பிடுற ஒரு வரி போடுங்கோ. ரெண்டையும் சேத்துத்தான் செய்யோணும். முதலாவதைச் செய்திட்டு ரெண்டாவதை மறந்தா காலாவதி மட்டும் இல்லை, நேரம் குறிச்சு வெளியிடுற போஸ்டும் வெளியாகாது, பேக்கப் பிளகினும் நிக்கும். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில சிலர் இத்தினை நிமிஷத்துக்குக் குறைய ஓட்டாதே எண்டு கட்டுப்பாடு வைச்சிருப்பினம், அதை முதல்ல கேட்டு அறிஞ்சுகொள்ளுங்கோ.

ஒவ்வொரு போஸ்டுக்கும் தனி அலாம் வைக்கிறதா, இல்லாட்டி ஒரே வேலை எல்லாத்தையும் பாக்கிறதா?

கோட் எழுதத் தெரிஞ்ச தம்பிமார் கேக்கிற கேள்வி இது, நல்ல கேள்வியும் கூட. ரெண்டு முறையும் வேர்ட்பிரஸ்ல செய்யலாம். முதலாவது முறையில போஸ்டைச் சேமிக்கேக்கயே அந்தத் திகதிக்கு ஒரு தனி வேலை பதிவாகும். பாக்க நேர்த்தியா இருக்கும், ஆனா நடைமுறையில பாருங்கோ: முடிவுத் திகதி 20 எண்டு போட்டீங்கள், பிறகு விண்ணப்ப காலத்தை நீடிச்சு 30 ஆக்கினீங்கள். பழைய வேலையை அழிக்காம புதுசை மட்டும் பதிஞ்சிருந்தா 20ம் திகதியே போஸ்ட் போயிடும். திகதி மாத்தினா, போஸ்டை டிராஃப்டுக்கு எடுத்தா, டிலீட் பண்ணினா எண்டு எல்லா இடத்திலயும் பழைய பதிவைத் தேடி அழிக்கிற கோட் வேணும். அதோட, ஒரே வேலையை பத்து நிமிஷ இடைவெளிக்குள்ள ரெண்டாந்தரம் பதிஞ்சா வேர்ட்பிரஸ் அதை ஏற்காது. சோதிச்சுப் பாக்கேக்க இது தலையைக் குழப்பும்.

ரெண்டாவது முறையில போஸ்டோட ஒரு திகதி மட்டும் சேமிப்பு. மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஒரு வேலை ஓடி, வெளியில இருக்கிற போஸ்டுகளில திகதி தாண்டினது எதெது எண்டு எடுத்து மாத்தும். சேர்வர் ரெண்டு நாள் படுத்துக் கிடந்தாலும் பரவாயில்லை, எழும்பின உடன தாண்டினது எல்லாத்தையும் பிடிக்கும். திகதியை எத்தினை தரம் மாத்தினாலும் அழிக்க ஒண்டும் இல்லை. நான் ஆருக்கும் இதைத்தான் சொல்லுவன், முதலாவது முறை நிமிஷக் கணக்கில துல்லியம் வேணும் எண்டுறவைக்கு மட்டும்.

இதில கவனிக்க வேண்டியது ரெண்டு. திகதியை வருஷம்-மாசம்-நாள் எண்ட ஒழுங்கில சேமியுங்கோ, 2026-03-05 எண்டமாதிரி. 05/03/2026 எண்டு சேமிச்சா டேட்டாபேஸ் அதை எழுத்தா ஒப்பிடேக்க 2027 ஜனவரி 1, 2026 மார்ச் 5க்கு முந்தினது எண்டு சொல்லும், ஏனெண்டா 01 எண்டுறது 05க்கு முன்னால வருது. மற்றது இதை விட ஆபத்து. திகதி போடாத போஸ்டுகளில அந்த இடம் வெறுமையா சேமிபட்டிருந்தா, எழுத்தா ஒப்பிடேக்க வெறுமை எல்லாத் திகதியையும் விடச் சின்னது, அதால "திகதி தாண்டின போஸ்ட் எல்லாத்தையும் எடு" எண்டா காலாவதியே வேண்டாம் எண்டு விட்ட போஸ்ட் முழுக்க ஒரே இரவில டிராஃப்டுக்குப் போயிடும். திகதி இருக்கோ எண்டு முதல் பாத்திட்டுத்தான் தாண்டிட்டுதோ எண்டு பாக்கோணும்.

அதோட டேட்டாபேஸுக்குள்ள நேரா போய் நிலையை மாத்துற எஸ்கியூஎல் (டேட்டாபேஸோட கதைக்கிற மொழி) கட்டளை எழுதாதீங்கோ. வேகமா இருக்கும்தான், ஆனா போஸ்ட் மாறினது வேர்ட்பிரஸுக்கே தெரியாது, கேஷ் பிளகினுக்கும் தெரியாது, கூகிளுக்கு பக்கங்களைப் பட்டியலிட்டுக் காட்டுற தளவரைபடமும் சிலவேளை பழசாவே நிக்கும். வேர்ட்பிரஸின்ட சொந்த ஃபங்ஷன் மூலமா மாத்தினாத்தான் மற்றதெல்லாம் சேந்து அசையும்.

நள்ளிரவுக்கு முடிய வேண்டியது விடிய அஞ்சரைக்கு முடியுது, ஏன்?

யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். எங்கட நேரம் யூடிசியை விட 5 மணி 30 நிமிஷம் முந்தி நிக்குது, சேர்வர் கனக்க இடத்தில யூடிசியிலதான் ஓடுது. அஞ்சரை எண்டு வந்தா வேற காரணம் தேடவே வேண்டாம். வேர்ட்பிரஸ் அமைப்புகளில பொது எண்ட பக்கத்தில டைம்சோனை கொழும்பு எண்டு நகரத்தின்ட பேரால தெரிவு செய்யுங்கோ, +5:30 எண்டு இலக்கமா வைக்காதீங்கோ. இலங்கையில பகல்வெளிச்ச நேரமாற்றம் இல்லைதானே, என்ன வித்தியாசம் எண்டு கேப்பீங்கள். வயசு வந்தவைக்கு ஞாபகம் இருக்கும், 1996ல ரெண்டு தரம் மணிக்கூட்டை மாத்தி, முதல் 6:30 பிறகு 6:00 எண்டு ஆக்கி, 2006 ஏப்ரல்லதான் திரும்ப 5:30க்கு வந்தது. நகரத்தின்ட பேர் போட்டா அந்த வரலாறு முழுக்க கணக்கில இருக்கும், பழைய பத்திரிகைப் பதிவுகளை நேரத்தோட ஏத்துறவைக்கு அது முக்கியம், இனிமேல் ஆராவது திரும்ப மாத்தினாலும் சேர்வர் புதுப்பிச்சா தானா சரியாகும்.

ஆனா இந்த அமைப்பு வேர்ட்பிரஸுக்கு உள்ளுக்க மட்டும்தான். சீபேனல் க்ரொன் சேர்வர் நேரத்தில ஓடும். சேர்வர் யூடிசியில இருந்து, எங்கட நேரம் நள்ளிரவு 12:05க்கு வேலை ஓடவேணும் எண்டா வரி 35 18 * * * எண்டு வரும், அதாவது முதல் நாள் மாலை 6:35. கால் மணிக்கு ஒருக்கா ஓடுற வரி போட்டா இந்தக் கணக்கே தேவையில்லை.

இன்னொண்டு, "31ம் திகதியோட முடியும்" எண்டு மனுசர் சொல்லேக்க 31ம் திகதி இரவு மட்டும் எண்டுதான் கருத்து. மெஷினுக்கு வெறும் 31 எண்டு குடுத்தா அது 31ம் திகதி பிறக்கிற நள்ளிரவு எண்டு எடுக்கும், ஒரு முழு நாள் குறைஞ்சிடும். 23:59 எண்டு நேரத்தையும் சேத்துப் போடுங்கோ.

கோட் எழுத வராது, ஏதாவது பிளகின் சொல்லுங்கோ.

பப்ளிஷ்பிரஸ் ஃபியூச்சர். முந்தி போஸ்ட் எக்ஸ்பைரேட்டர் எண்ட பேரில இருந்தது, பழைய ஆக்கள் அந்தப் பேரைத்தான் சொல்லுவினம். போஸ்ட் எழுதுற பக்கத்திலயே ஒரு பெட்டி வரும், திகதி போட்டு டிராஃப்டா, குப்பையா, வகை மாத்தமா எண்டு தெரிவு செய்யலாம். கூடவே டபிள்யூபி க்ரொன்ட்ரோல் எண்டதையும் போட்டு வையுங்கோ, எந்த வேலை எப்ப ஓடப்போகுது எண்டு பட்டியலா காட்டும். அதில ஒரு வேலையின்ட அடுத்த நேரம் ஏற்கெனவே முடிஞ்ச நேரமா நிண்டால், உதாரணத்துக்கு நாலு மணித்தியாலத்துக்கு முந்தினதா இருந்தா, பிளகினைத் திட்டாதீங்கோ, க்ரொன் ஓடேல்லை.

திகதி முடிஞ்சு டிராஃப்டுக்கும் போயிட்டுது, ஆனா ஆக்களுக்கு இன்னும் தெரியுதாம்.

கேஷ். சேர்வரில கேஷ், நடுவில கிளவுட்ஃப்ளேர் எண்ட இடைச் சேவை வைச்சிருந்தா அதில கேஷ், அவையின்ட போன் பிரவுசரில கேஷ். முகப்புப் பக்கமும் வகைப் பக்கமும் சேந்து அழியுதோ எண்டு பாருங்கோ, போஸ்டின்ட பக்கம் மட்டும் அழிஞ்சு முகப்பில தலைப்பு தொங்கிக்கொண்டு நிக்கிறது வழமையான கதை. இதுக்கு நேர் எதிரும் நடக்கும்: "எனக்கு இன்னும் தெரியுதே" எண்டு சைட் சொந்தக்காரரே சொல்லுவார், பாத்தா போஸ்ட் தனிப்பட்டதுக்கு மாறியிருக்கும், அவர் லொகினில நிண்டு பாத்திருப்பார். இன்கொக்னிட்டோவில (லொகின் இல்லாத தனி விண்டோவில) பாக்காம ஒரு முடிவுக்கும் வராதீங்கோ.

இறுக்கமா வேணும் எண்டா காலாவதியை ரெண்டு இடத்தில சரிபாக்கலாம். க்ரொன் பின்னால நிலையை மாத்தட்டும், அதோட பக்கம் காட்டேக்கயும் தீமில (சைட்டின்ட தோற்றத்தைத் தீர்மானிக்கிற கோடில) ஒரு சின்ன நிபந்தனை, இப்ப நேரம் முடிவுத் திகதியைத் தாண்டிட்டுதோ எண்டு. க்ரொன் ஒரு மணித்தியாலம் பிந்தினாலும் பாக்கிற ஆளுக்கு முடிஞ்சுது எண்ட வரி தெரியும்.

கூகிள்ல இருந்து எப்ப போகும்?

கூகிள் திரும்ப வந்து பாக்கிறவரைக்கும் போகாது. பக்கம் இனி வரவே வராது எண்டா 404 இல்லாட்டி 410 (நிரந்தரமா எடுபட்டுது எண்ட குறி) குடுத்தாக் காணும், ரெண்டையும் கூகிள் கிட்டத்தட்ட ஒரேமாதிரித்தான் பாக்குது. முடிவுத் திகதி முதலே தெரிஞ்சா பக்கத்தின்ட கோடில தேடல் தளங்களுக்குச் சொல்லிவைக்கிற ரோபோட்ஸ் மெட்டா குறிச்சொல்லில "அன்அவைலபிள் ஆஃப்டர்" (unavailable_after) எண்ட ஒண்டு இருக்கு, இந்தத் திகதிக்குப் பிறகு தேடலில காட்டாதே எண்டு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம், க்ரொன் ஓடுதோ இல்லையோ அது வேலை செய்யும். வேலை விளம்பரத்துக்கு ஸ்கீமா (கூகிளுக்கு விபரத்தை ஒழுங்கா சொல்லுற குறிப்பு) போடுறவை "வேலிட் த்ரூ" (validThrough) எண்ட இடத்தில முடிவுத் திகதியை மறக்காம போடுங்கோ. எல்லா முடிஞ்ச பக்கத்தையும் முகப்புக்கு திருப்பிவிடுற பழக்கம் ஒண்டு இருக்கு, அது வேண்டாம். தேடி வந்த ஆளுக்கும் எரிச்சல், கூகிளும் அதை இல்லாத பக்கமாத்தான் எடுக்கும்.

போஸ்ட் மறைஞ்சா அதுக்குள்ள போட்ட படமும் பிடிஎஃபும் மறையுமோ?

மறையாது. இதை ஆரும் யோசிக்கிறதில்லை. போஸ்ட் டிராஃப்டுக்குப் போகும், ஆனா அப்லோட் ஃபோல்டரில கிடக்கிற ஃபைலுக்கு நேர் லிங்க் தெரிஞ்ச எவரும் திறக்கலாம். டியூஷன் பிள்ளையளின்ட மார்க்ஸ் பட்டியல், நேர்முகத் தேர்வுக்குத் தெரிவானவையின்ட பேர், அடையாள அட்டை இலக்கம் போட்ட பிடிஎஃப் எல்லாம் இப்பிடி வருஷக்கணக்கா கிடக்கு. இலங்கையின்ட 2022ம் ஆண்டு 9ம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில, தேவைக்கு மேல தரவை வைச்சிருக்கக்கூடாது எண்ட கொள்கையும் இருக்கு. அதால ஆக்களின்ட விபரம் உள்ள ஃபைலுக்கு மறைக்கிறது காணாது, காலாவதி வேலையிலயே ஃபைலையும் சேத்து அழிக்கிறமாதிரி எழுதுங்கோ. மேல டிலீட் வேண்டாம் எண்டு சொன்னதுக்கு விதிவிலக்கு இது ஒண்டுதான். அதை விட நல்லது, அடையாள அட்டை இலக்கத்தை முழுசா முதல்லயே போடாம விடுறது.

தமிழ், சிங்களம், இங்கிலிஷ் மூண்டிலயும் போடுறம், ஒண்டுக்குத் திகதி போட்டாக் காணுமோ?

காணாது. கனக்க மொழிபெயர்ப்பு பிளகினில மூண்டும் மூண்டு தனிப் போஸ்ட். தமிழ் போஸ்ட் போயிடும், சிங்களப் பக்கத்தில பழைய விலை அப்பிடியே நிக்கும், கொழும்பில இருந்து வாற ஆக்கள் அதைக் காட்டி வாசலில நிண்டு கதைப்பினம். பிளகின் அமைப்பில மொழிகளுக்கிடையில ஒத்திசைக்கிற விபரங்களுக்குள்ள முடிவுத் திகதியையும் சேருங்கோ.

பிளொகர் வைச்சிருக்கிறன், காசு செலவழிக்கேலாது.

காசு தேவையில்லை, கொஞ்சம் பொறுமை வேணும். கூகிள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில (கூகிளில சின்னக் கோட் எழுதி ஓட்டுற இடம்) நேரத்துக்கு ஓடுற டிரிகர் வைக்கலாம். பிளொகரின்ட ஏபிஐயில (கோட் மூலமா பிளொகரை இயக்குற வழியில) வெளியான போஸ்டை டிராஃப்டுக்குத் திருப்புற வசதி இருக்கு. போஸ்டுக்கு "முடிவு-2026-05-31" எண்டு ஒரு லேபிள் போட்டு, ஒவ்வொரு இரவும் ஸ்கிரிப்ட் அந்த லேபிளைப் படிச்சு, தாண்டினதை டிராஃப்டாக்கட்டும். அந்த லேபிள் வாசகருக்கும் தெரியும், தீமில மறைக்காட்டி அசிங்கமா இருக்கும்.

ஹியூகோவில கட்டி கிட்ஹப்பில வைச்சிருந்தா?

ஹியூகோ எண்டுறது பக்கங்களை முன்கூட்டியே கட்டிவைக்கிற மென்பொருள், கிட்ஹப் கோட் சேமிச்சு வைக்கிற தளம். ஹியூகோவில முடிவுத் திகதி போட இடம் கூடவே இருக்கு, தாண்டின பக்கத்தை அது கட்டாது. ஆனா திரும்பக் கட்டினாத்தானே போகும், கட்டாம விட்டா பழைய பக்கம் நிக்கும். கிட்ஹப் ஆக்ஷன்ஸ்ல (அங்க தானா வேலை ஓட்டுற வசதியில) நாளுக்கு ஒருக்கா கட்டுற வேலை வையுங்கோ. மூண்டு விசயம் தெரிஞ்சிருக்கோணும்: அங்க நேரம் வழமையா யூடிசி, சரியா மணி தொடங்கேக்க கூட்டம் கூட எண்டு வேலை பிந்தும், அதால 0 நிமிஷத்தை விட்டுட்டு 17, 23 எண்டு ஏதாவது போடுங்கோ, பொது ரெப்போவில (ஆரும் பாக்கக்கூடிய கோட் தொகுப்பில) 60 நாள் ஒரு அசைவும் இல்லாட்டி அந்த நேர வேலையை கிட்ஹப்பே நிப்பாட்டிப்போடும். மழைக்காலத்தில சைட்டைத் தொடாம விட்டு சீசனுக்கு முன்னால வந்து பாக்கிற ஹொட்டல்காரருக்கு இந்தக் கடைசி விசயம் கட்டாயம் நடக்கும்.

சரியா வேலை செய்யுதோ எண்டு எப்பிடிப் பாக்கிறது?

முடிவு நேரம் இருபது நிமிஷம் தள்ளி வைச்சு ஒரு சோதனைப் போஸ்ட், லொகின் இல்லாத பிரவுசரில முகப்பு, வகைப் பக்கம், தேடல், ஆர்எஸ்எஸ் (புதுப் போஸ்டுகளைத் தானா அனுப்புற பட்டியல்) எல்லாத்திலயும் பாருங்கோ. அதோட திகதியே போடாத ஒரு போஸ்டும் வையுங்கோ, அது போகாம நிக்கோணும். புதுசா கோட் எழுதினா முதல் ஒரு கிழமைக்கு ஒண்டையும் மாத்தாம "இதை மாத்தியிருப்பன்" எண்டு பட்டியலை ஈமெயில்ல அனுப்பச் சொல்லுங்கோ, பட்டியலைப் பாத்து திருப்திப்பட்ட பிறகு உண்மையா மாத்தவிடலாம். அந்த ஈமெயிலை பிறகும் நிப்பாட்டாதீங்கோ. ஒரு மாசமா ஈமெயில் வரேல்லை எண்டா அதுவும் ஒரு செய்திதான்.

பிளகினைக் கழட்டினா பழையபடி வருமோ?

வராது. ஏற்கெனவே டிராஃப்டுக்குப் போனது டிராஃப்டிலயே இருக்கும், நீங்கள்தான் ஒவ்வொண்டா வெளியிடோணும். இனி முடிய வேண்டியதுகள் முடியாது, சத்தம் போடாம அப்பிடியே வெளியில நிக்கும். கழட்ட முதல் திகதி போட்ட போஸ்டுகளின்ட பட்டியலை எடுத்து வைச்சிட்டு, பிறகு டபிள்யூபி க்ரொன்ட்ரோல் பட்டியலில அந்தப் பிளகின் விட்டுட்டுப் போன வேலைகள் தொங்குதோ எண்டு பாத்து அழிச்சு விடுங்கோ.